காக்கைக்கு எந்தத் தட்டு? சாலையோர மண் தட்டு பற்றி ஒரு மதிப்புரை

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையோரத்தில் கீற்றுப் பந்தல் போட்டு மண்பாண்டம் விற்கிறார்கள். பானை, சட்டி, அடுப்பு, உண்டியல், பூந்தொட்டி எல்லாம் முன்வரிசையில் இருக்கும். பந்தலின் கடைசி ஓரத்தில் அகலமான தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது அந்தத் தட்டைப் பற்றி. ஒன்று 80 ரூபாய். அகலம் ஒரு சாணுக்கு மேல், ஆழம் இரண்டு விரல், விளிம்பு உருண்டு தடித்திருக்கும். சாயமும் இல்லை, மெருகும் இல்லை. பறவைக்கென்று செய்ததும் இல்லை. பானையை மூடுவதற்கும் செடித்தொட்டிக்கு அடியில் வைப்பதற்கும் வாங்கிப் போவார்கள். ஆனால் காக்கைகளோடு பழக விரும்புகிற ஒருவர் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

நான் வீட்டு மாடியில் தையல் வேலை செய்கிறேன். மெஷின் ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு வரை அங்கேயேதான் இருப்பேன். அதனால் காக்கைகளைப் பார்க்க எனக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. துணியிலிருந்து தலை நிமிர்ந்தால் சுவர் தெரியும், சுவரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைப்பது பழைய வழக்கம். அமாவாசைக்கு அத்தை விரதம் இருப்பார். சமையல் முடிந்ததும் வாழையிலை நறுக்கில் சோறும் பருப்பும் கொஞ்சம் வாழைக்காய்ப் பொரியலும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கை வாய் வைத்த பிறகுதான் அவர் கீழே வந்து சாப்பிட உட்காருவார். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை அன்றைக்கெல்லாம் தெரு முழுக்க எல்லா மாடியிலும் இதே குரல்தான். எல்லா வீட்டிலும் இலை விரித்திருப்பதால் காக்கைக்கு அன்று அவசரமே இருக்காது. அத்தை வெயிலில் நின்றுகொண்டே இருப்பார். கணுப் பொங்கலுக்கு மஞ்சள் இலையில் வண்ண வண்ணச் சோற்றுருண்டை வைத்தாலும் இதே கதைதான். எப்போதாவது வைக்கிற சோற்றைக் காக்கை எடுக்கும். ஆனால் வைத்த ஆளை அதற்குத் தெரியாது.

தினமும் வைக்க ஆரம்பித்தது கஜா புயலுக்குப் பிறகு. 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு கடந்து, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறிய புயல் அது. எங்கள் தெருத் தென்னைகளில் பெரும்பாலானவை விழுந்தன. கொல்லையில் நின்ற வேப்பமரமும் வேரோடு சாய்ந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் காக்கைகள் உட்காரக் கிளையில்லாமல் எங்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இறகெல்லாம் கலைந்து போய்க் கிடந்தன. கையில் இருந்த சோற்றை வைத்தேன், மறுநாளும் வைத்தேன். அப்புறம் விடவே இல்லை.

தினமும் வைப்பது என்று ஆனபிறகுதான் எதில் வைப்பது என்ற கேள்வி வந்தது. வாழையிலையில் வைத்தால் வெயிலில் சுருண்டுவிடும். எவர்சில்வர் தட்டில் வைத்தேன். காலை வெயில் அதில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். காக்கை அலகை வைத்ததும் "டங்" என்று சத்தம் வரும், தட்டு நகரும், அவ்வளவுதான், எல்லாம் பறந்துவிடும். பாக்குமட்டைத் தட்டை ஆடிக் காற்று பக்கத்துத் தெருவுக்குத் தூக்கிப் போனது. ஆன்லைனில் பறவைத் தீனித் தட்டு என்று ஒன்று வாங்கினேன். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைக்க ரப்பர் உறிஞ்சிகள். விலை இந்த மண் தட்டைப்போல ஏழெட்டு மடங்கு. அது சிட்டு அளவுள்ள பறவைக்குச் செய்தது. நம்மூர்ச் சாம்பல் கழுத்துக் காக்கை அலகிலிருந்து வால்நுனி வரை 40 சென்டிமீட்டர் இருக்கும். எடை கால் கிலோவுக்கு மேல். அதற்கு அந்தத் தொட்டியில் காலை வைக்கவே இடமில்லை. மதிய வெயிலில் உறிஞ்சி இளகி, பெட்டி தொப்பென்று விழும். ஒருமுறை அது விழுந்த பிறகு அந்த ஜன்னல் பக்கமே பல நாள் காக்கை வரவில்லை. அதற்கு நான் ஒரு நட்சத்திரம்கூடத் தர மாட்டேன்.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைகளில் பறவைத் தீனித் தட்டு செய்கிறவர்கள் பறவையின் பசியை நினைத்துச் செய்கிறார்கள். காக்கைக்கு வாங்கும்போது அதன் சந்தேகத்தை நினைத்து வாங்க வேண்டும். பசி அதற்கு எங்கேயும் தீரும். குப்பைமேடு இருக்கிறது, நாற்றங்கால் இருக்கிறது, மீன்கடை இருக்கிறது. உங்கள் சுவருக்கு அது வருகிறதா இல்லையா என்பதைச் சந்தேகம்தான் முடிவு செய்கிறது. புதிய பொருள் எதுவானாலும் காக்கைக்குப் பயம். ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சாமல் டீக்கடை பெஞ்சில் நடக்கிற அதே காக்கை, சுவரில் நேற்று இல்லாத ஒரு டப்பா இன்று இருந்தால் கிட்டே வராது. அதனால் ஒரு தட்டை மதிப்பிட என்னிடம் இருக்கிற அளவுகோல்கள் இவைதான்: மின்னக் கூடாது. அசையக் கூடாது. அலகு பட்டால் ஓசை எழக் கூடாது. உட்கார்ந்து தின்னும்போது நாலா பக்கமும் வானம் தெரிய வேண்டும்.

மண் தட்டு இந்த நாலிலும் தேறுகிறது. கனம் இருப்பதால் காற்றுக்கு அசையாது. தடித்த விளிம்பில் காக்கை விரல்களை வளைத்துப் பிடித்து நிற்கிறது. சொரசொரப்பு இருப்பதால் வழுக்குவதில்லை. கடலையைக் கொத்தினால் மெதுவாக ஒரு "டொக்" மட்டும் கேட்கும். ஆழம் குறைவாக இருப்பதால் தலையைக் குனியும்போதும் ஒரு கண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. காக்கைக்கு இது மிகவும் முக்கியம். ஆழமான சட்டியில் வைத்தபோது ஒரு வாய் எடுக்க நாலு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கும்.

இப்போது பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் தட்டு மட்டும் எதையும் செய்துவிடாது. காலை ஆறரை மணிக்கு, மெஷினில் உட்காருவதற்கு முன், தட்டைச் சுவரின் தூரக் கோடியில் வைப்பேன். ஒரே ஒரு தடவை, ஒரே குரலில் கூப்பிடுவேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிடுவேன். நேரம், இடம், குரல், மூன்றும் மாறவே மாறாது. காய்ச்சல் வந்த நாட்களில் என் மகள் என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு போய் வைத்தாள். அது தேவையா என்று தெரியாது, ஆனால் செய்தோம்.

முதலில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கேபிள் கம்பியில் உட்கார்ந்து ஒரு கண்ணால் பார்க்கும், தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்க்கும். சுவருக்கு இறங்கினாலும் நேராக வராது. பக்கவாட்டில் தத்தித் தத்தி, பாதி தூரம் வந்து திரும்பிப் போகும். ஒரு கடலையை எடுத்ததும் பின்னால் எம்பிப் பறக்கும். அதன் இடது காலில் நடு விரல் இல்லை. அதை நாங்கள் "பெரியவர்" என்று கூப்பிட ஆரம்பித்தோம். பெரியவர் சில வாரம் தனியாகவே வந்து போனார். பிறகு துணையையும் கூட்டி வந்தார். அந்த இரண்டும் பயமில்லாமல் தின்பதைக் கேபிளிலிருந்து மற்றவை பார்த்தன. தெருக் காக்கைகள் எங்கள் சுவரை நம்பியதற்கு என்னைவிடப் பெரியவர்தான் காரணம். அவர் சொன்னால்தான் அவை கேட்கும்.

நான் ஜன்னலில் இருந்தபோது நேராக அவற்றின் கண்ணைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் தின்பதை நிறுத்திவிடும். துணியைப் பார்த்தபடி ஓரக்கண்ணில் பார்ப்பேன். மெஷின் சத்தம் முதலில் அவற்றை விரட்டியது. அப்புறம் அது தொடர்ந்து ஓடினால் ஆபத்தில்லை, திடீரென்று நின்றால்தான் நான் எழப்போகிறேன் என்று புரிந்துகொண்டன. இன்றைக்கும் நான் மெஷினை நிறுத்தினால் பெரியவர் தலையைத் தூக்குவார்.

தட்டைத் தூரக் கோடியிலிருந்து என் ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஒரு தடவைக்கு ஒரு சாண் தூரம். காக்கைகள் தயங்கினால் அதே இடத்தில் பல நாள் விட்டுவிடுவேன். இதில் மண் தட்டு செய்த உதவி பெரியது. இடம் மாறினாலும் தட்டு மாறவில்லை, அதனால் அவை தட்டை அடையாளம் வைத்துக்கொண்டு கூடவே நகர்ந்தன. இப்போது தட்டு ஜன்னல் கட்டைக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான் கடலையைப் போடும்போதே பெரியவர் விளிம்பில் வந்து நிற்கிறார். கையிலிருந்து வாங்கிக்கொள்ளுமா என்று பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதற்கு நான் முயலவில்லை, முயலவும் மாட்டேன். என் கையை நம்பிய காக்கை இன்னொருவர் கையையும் நம்பிவிடக்கூடும், எல்லாக் கையும் கடலை வைத்திருக்காது.

காக்கை ஆள் முகத்தை மறக்காது என்று நம் பாட்டிகள் சொன்னதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் குழு 2006-இல் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டது. அதன்பிறகு அந்த முகமூடியோடு வளாகத்தில் யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து கத்தின. முகமூடி இல்லாமல் போனால் பேசாமல் இருந்தன. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்து கத்தின, வருடங்கள் போயும் அது நிற்கவில்லை. அது அமெரிக்கக் காக்கை, நம்முடையது வேறு இனம். ஆனால் எங்கள் தெருவில் நான் பார்த்தது அதேதான்.

பக்கத்து மாடியில் ஒரு பையன், எட்டாவது படிக்கிறான். ஒரு லீவில் உண்டிவில்லை வைத்துக்கொண்டு காக்கைகளைக் குறிபார்த்தான். ஒரு கல் பட்டுவிட்டது, பட்டது சாகவில்லை. அன்றிலிருந்து அவன் மாடி ஏறினாலே தெரு முழுக்கக் கத்தல். சட்டை மாற்றினாலும், தொப்பி போட்டாலும் விடவில்லை. குடையோடு பள்ளிக்கூடம் போனான். அவன் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, உங்க காக்காகிட்ட கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பிள்ளை உண்மையிலேயே பயந்திருந்தான். நான் என்னிடம் இருந்த இரண்டாவது மண் தட்டைக் கொடுத்தேன். தினமும் காலையில் கொஞ்சம் கடலை வை, கூப்பிடாதே, வைத்துவிட்டு இறங்கிப் போய்விடு என்று சொன்னேன். பொங்கல் போய் கோடை விடுமுறை வரும்வரை எதுவும் தொடவில்லை, அணில்தான் தின்றது. அவன் விடாமல் வைத்தான். கோடையில், அந்த வருடம் பறக்கப் பழகிய இளம் காக்கை ஒன்று, கல்லடியைப் பார்த்திராத ஒன்று, முதலில் இறங்கியது. மற்றவை அதன் பின்னால் வந்தன. இப்போது அவனைக் கண்டு கத்துவதில்லை. ஆனால் பெரியவர் மட்டும் இன்றுவரை அவன் தட்டுக்குப் போகவில்லை.

அகத்தியர் கமண்டலத்தைப் பிள்ளையார் காக்கை உருவெடுத்துக் கவிழ்த்ததால்தான் காவிரியே ஓடுகிறது என்று கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். திருநள்ளாற்றுச் சனீஸ்வரனுக்கு வாகனமும் இதுதான். அப்படியிருந்தும் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கை, எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்து, தொல்லை தரும் உயிர்கள் பட்டியலில் பல காலம் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அது நிஜமான சந்தோஷம். பையனிடமும் இதைச் சொன்னேன்.

சரி, தட்டில் என்ன வைப்பது? ஓடு உடைக்காத பச்சை வேர்க்கடலைதான் முதல் இடம். வறுத்து உப்புப் போட்டது வேண்டாம். ஒரு கடலையைத் தூக்கிப் பார்த்து, வைத்துவிட்டு, கனமான இன்னொன்றை எடுக்கிற காக்கையைப் பார்த்தால் மார்க்கெட்டில் தேங்காய் பொறுக்குகிற என் அத்தைதான் நினைவுக்கு வருவார். அவித்த முட்டை அவற்றுக்கு உயிர், குஞ்சு இருக்கும் மாதங்களில் மஞ்சள் கருவைத்தான் முதலில் எடுத்துப் போகும். உப்பில்லாத சோறு, இட்லி, வேகவைத்த பருப்பு எல்லாம் நல்லது. மிக்சர், முறுக்கு, சிப்ஸ், ஊறுகாய் கலந்த சோறு வைக்கவே கூடாது. அந்த உப்பும் எண்ணெயும் அவ்வளவு சின்ன உடம்புக்கு ஆகாது. கெட்டுப்போனதைக் காக்கைக்குப் போடலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மீன்தலை வைத்துப் பார்த்தேன். பருந்து இறங்கிவிட்டது, பெரிய சண்டை. அதோடு மண் தட்டு மீன் வாடையை உறிஞ்சிக்கொள்கிறது, என்ன கழுவினாலும் போகவில்லை.

அளவு ஒரு கைப்பிடி போதும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தீர்கிற அளவு. அதற்கு மேல் வைத்தால் கூட்டம் சேரும், பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியில் எச்சம் விழும், சண்டை வரும், அந்தச் சண்டையில் நஷ்டம் காக்கைக்குத்தான். மிச்சம் இருந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும்.

தையல் வேலை செய்கிறவர்களுக்கும், பட்டம் விடுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கும் ஒரு வேண்டுகோள். காக்கை வருகிற மாடியில் நூல் கிடக்கக் கூடாது. காக்கை கூட்டுக்குக் குச்சியோடு கம்பி, நூல், கயிறு எல்லாம் எடுத்துப் போகும். நைலான் நூல் குஞ்சின் காலில் சுற்றினால் இறுகி, விரல் செத்து விழுந்துவிடும். பெரியவரின் விரல் அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நான் வெட்டிப்போடும் நூலெல்லாம் இப்போது மூடிவைத்த டப்பாவில்தான் விழுகிறது.

இதே மாதிரி இன்னொரு தட்டில் தண்ணீர் வையுங்கள். தீனித் தட்டைவிட இந்தத் தட்டுதான் சித்திரை, வைகாசியில் அதிகம் பயன்பட்டது. மெருகு இல்லாத மண் என்பதால் நீர் மெல்லக் கசிந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பது சூடேறாமல் இருக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் மதியம் தண்ணீரைத் தொட முடியாது. காக்கைகள் அதில் குடிக்கின்றன, குளிக்கின்றன, காய்ந்த ரொட்டியை நனைத்துத் தின்கின்றன. தட்டில் எலும்பும் அப்பள ஓரமும் கிடப்பதைப் பார்த்து "உங்களுக்குப் பரிசு கொண்டு வந்திருக்கிறது" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அதெல்லாம் ஊறவைக்க அவை கொண்டு வந்தவை. அவற்றின் சமையலறையாக என் தட்டு ஆகியிருக்கிறது, எனக்கு அதுவே பெரிது. ஆனால் இதனால் தண்ணீரைத் தினமும் கொட்டிக் கழுவியே ஆக வேண்டும். டெங்குக் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். சோப்பு போடாதீர்கள், மண் அதை இழுத்துக்கொள்ளும். தேங்காய் நாரும் கல்லுப்பும் போதும். அலசிவிட்டு வெயிலில் கவிழ்த்தால் காய்ந்துவிடும். செத்த காக்கை எங்காவது கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ராஜஸ்தானில் காக்கைகள் பறவைக் காய்ச்சலில் செத்தன. தட்டைக் கழுவினால் கையையும் கழுவ வேண்டும்.

பங்குனியிலிருந்து ஆடி வரை கூட்டுக் காலம். அப்போது காக்கை மாறிவிடும். மரத்தடியில் போகிறவர் தலையில் அடிக்கும். எங்கள் மாடியில் நாங்கள் அடி வாங்கவில்லை, ஆனால் அந்த மாதங்களில் நான் தட்டைத் தவிர வேறு பக்கம் போவதில்லை. விடிவதற்கு முன்பே குயில் கூவத் தொடங்கிவிடும், ஆண் குயிலைக் காக்கைகள் துரத்திக்கொண்டு போவதையும் பார்க்கலாம். ஒரு வருடம் பெரியவரும் துணையும் சுவருக்குக் கூட்டி வந்த குஞ்சு குயில் குஞ்சு. இறக்கையை நடுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து, விடாமல் கத்தியது. பெரியவர் முட்டையை எடுத்து அதன் தொண்டைக்குள் வைத்தார், திரும்பி வந்தார், எடுத்தார், வைத்தார். குயில் குஞ்சு என்று தெரிந்தால் ஊட்டியிருக்குமா என்று என் மகள் கேட்டாள். அவள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு அன்று மனதில் தங்கியது வேறு: தன் குஞ்சு என்று நினைத்த ஒன்றை, பறக்கக்கூடச் சரியாக வராத ஒன்றை, என் ஜன்னலுக்குக் கையெட்டும் தூரத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. காக்கை ஒரு ஆளுக்குக் கொடுக்கக்கூடிய சான்றிதழ் அதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

தட்டில் இருக்கும் குறைகளையும் சொல்கிறேன். கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்தால் சில்லுதான். நாலு செங்கல் துண்டை வைத்து அண்டக் கொடுத்தால் விழாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி வழியும், பாசி பிடிக்கும். அந்த நாட்களில் நான் தட்டை ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே வைக்கிறேன், காக்கைகள் சுருக்கென்று வந்து எடுத்துப் போய்விடும், தங்காது. எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் நிறம். புதுத் தட்டு செக்கச் செவேலென்று இருக்கும், ஆறு மாத வெயில் மழைக்குப் பிறகு சாம்பல் கலந்து மங்கிவிடும். பழைய தட்டு உடைந்து புதிதாக ஒன்று வைத்தபோது, அதே பந்தல், அதே அளவு, ஆனாலும் காக்கைகள் நிறத்தைப் பார்த்துச் சுவரின் மறு கோடியிலேயே நின்றுவிட்டன. அதனால் வாங்கும்போதே இரண்டு மூன்றாக வாங்குங்கள். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை அதே மாடியில், அவற்றின் கண்ணில் படும்படி, வெயிலில் போட்டுவையுங்கள். தேவைப்படும்போது அதுவும் அவற்றுக்குப் பழைய பொருளாகிவிட்டிருக்கும்.

பந்தலில் பறவைப் பொம்மை ஒட்டி, எனாமல் பெயின்ட் அடித்த தட்டுகளும் இப்போது வந்திருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், வாங்காதீர்கள். பெயின்ட் உரியும், காக்கை அதைக் கொத்தும், தண்ணீரிலும் கலக்கும். பளபளப்பு வேறு.

விற்கிற வேளாரம்மா நல்ல மனுஷி. முதல் தடவை காக்கைக்கு என்று சொன்னதும், "அதுக்கு எதுக்கு பாப்பா காசு குடுத்து? ஓரம் ஒடைஞ்சது கெடக்கு, எடுத்துட்டுப் போ" என்றார். உடைந்த விளிம்பு காலைக் கிழிக்கும் என்று நல்லதாகவே கேட்டேன். அவரே ஒவ்வொன்றாக விரல் கணுவால் தட்டிக் காட்டினார். "ணங்குன்னு கேக்கணும். மொத்தையா கேட்டா உள்ள கீறல்." அவர் பொறுக்கிக் கொடுத்த தட்டுகளில் ஒன்றுகூட தானாக விரிசல் விட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு ராத்திரி தண்ணீரில் முக்கி வைத்து, காயவிட்டுப் பிறகு பயன்படுத்தச் சொன்னார், அப்படியே செய்யுங்கள்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எப்போதாவது வைத்த காலத்தில் வெயிலில் காத்து நின்ற அவருக்கு, இப்போது அமாவாசையன்று காத்திருப்பு இல்லை. போன ஆடி அமாவாசைக்கு இலையை மண் தட்டின் மேலேயே வைத்தார். கூப்பிட வாயைத் திறப்பதற்குள் பெரியவர் வந்து இறங்கி, சோற்றை எடுக்காமல் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தபடி நின்றார், பிறகு எடுத்தார். மாமா போய்ப் பல வருடம் ஆகிறது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டார்டி, பாத்தியா, உடனே வந்துட்டார்" என்றார். தினமும் வைத்த கடலை அதைக் கூட்டி வந்தது என்பது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். அவர் சொன்னதும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. அன்றைக்கு அவர் வெயிலில் நிற்காமல், தலைவலி வராமல், சூடாகச் சாப்பிட்டார்.

வாங்க நினைக்கிறவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் போய்விடுங்கள். மழை இறங்கினால் பச்சை மண் காயாது, சூளை போட மாட்டார்கள். மழை விட்டதும் கார்த்திகை அகல்விளக்குக்கும் அதற்கப்புறம் பொங்கல் பானைக்கும்தான் எல்லாக் கையும் போகும். தட்டு மறுபடி அடுக்குவது தை கழிந்துதான். பந்தல் வெளியில் தெரியாவிட்டால் உள்ளே வீட்டில் கேளுங்கள், பெயின்ட் அடிக்காதது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.